கடன்சொல்லுக்கு முடிசூட்டும் தேர்வு

கல்லூரி நுழைவுத்தேர்வுக்கு அணியமாகும் பதினேழு அகவை மாணவனின் கையில் ஒரு சொற்பட்டியல் இருக்கின்றது. 'உயர்நிலை ஆங்கில வினைச்சொற்கள்' என்பது அதன் தலைப்பு. மிட்டிகேட், ஆப்வியேட், கண்டோன், பிளகேட், அமீலியரேட், எக்சுபடைட், இம்பீடு என அது முந்நூறு, நானூறு வரை நீள்கின்றது. விடியுமுன் எழுந்து நாளொன்றுக்கு இருபது சொல்லாக அவன் உருப்போடுகின்றான். இருபதில் பன்னிரண்டு நின்று எட்டு நழுவிவிட்டால் தன் தலையில் தானே குட்டிக்கொள்கின்றான். சொல் மறந்ததற்கு வருந்தினால் அது பெரிதன்று. 'எனக்கு மூளை போதாது' என்று முடிவுகட்டிக்கொள்கின்றானே, அதுவே கொடுமை.

அப்பட்டியலின் தலையில் 'உயர்நிலை' என்னும் அடைமொழியை ஒட்டியவர் யார்? எந்த அளவுகோல் கொண்டு அச்சொற்கள் உயர்ந்தன என்று கண்டனர்? பொருளின் ஆழமா? அன்று. ஓசையின் இனிமையா? அதுவும் அன்று. நுட்பமான வேறுபாடு சிலவற்றில் உண்டு என்பது மெய்யே. ஆனால் அவை மேலேறி அமர்ந்ததற்கு அது கரணியமன்று. ஒருகாலத்தில் ஆங்கிலேயன் போரில் தோற்றான். தலையாய கரணியம் அதுவே.

1066-ஆம் ஆண்டில் நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்த வில்லியம், ஏசுடிங்சுப் போரில் ஆங்கில மன்னன் அரால்டை வீழ்த்தினான். அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு. கோயிலிலும் கல்விக்கூடத்திலும் இலத்தீன். ஆங்கிலமோ கொல்லையிலும் கொட்டிலிலும் அடுப்பங்கரையிலும் கிடந்தது. ஆண்டவன் மொழி மேல், ஆளப்பட்டவன் மொழி கீழ் என்னும் அடுக்கு அன்று அமைந்தது. ஆட்சி போயிற்று, அடுக்குப் போகவில்லை.

கேட்டல் என்னும் ஒரு வினைக்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் வழங்குவதைக் காண்க. ஆசுக் என்பது அம்மொழியின் தாய்வீட்டுச் சொல். குவெசுசன் பிரெஞ்சின் வழியாக வந்து சேர்ந்தது. இண்டெராகேட் இலத்தீனிலிருந்து பெயர்த்து நடப்பட்டது. தாய் மகளைக் கேட்பது முதற்சொல்லால். ஆசிரியர் மாணவனைக் கேட்பதற்கு இரண்டாவதும் இடம்பெறும். காவலர் கள்வனைக் கேட்பது மூன்றாவதால். அன்பு குறையக் குறையச் சொல் 'உயர்கின்றது'. வீட்டில் வேலை தொடங்கினால் பிகின். அரசு விழா தொடங்கினால் கமென்சு. ஒருவனை வேலையினின்று நீக்கும் ஓலையில் எண்டு என்னும் எளிய சொல்லை எழுதமாட்டார்கள். டெர்மினேட் என்றே எழுதுவார்கள். வயிற்றில் அடிப்பதற்கு இலத்தீன் வேண்டும்போலும்!

இனி, பட்டியலிலுள்ள எக்சுபடைட் என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதன் உயர்வு இன்னும் நன்றாக விளங்கும். இலத்தீனில் அதன் அடிப்படை காலைக் குறிக்கும் சொல். கட்டுண்ட காலை விடுவித்தல் என்பதே அதன் முதற்பொருள். விரைவுபடுத்தல் என்பது வழிவந்த பொருள். அதற்கு எதிரான இம்பீடு என்பது காலைக் கட்டுதல். உரோம நாட்டில் கழுதை ஓட்டியவனுக்கு இவை அன்றாடச் சொற்கள். கால்கட்டு, கால்கட்டை அவிழ்த்தல் என்று தமிழ்ச் சிற்றூரில் பாட்டி சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கழுதை ஓட்டியின் சொல் ஈராயிரம் ஆண்டு கழித்துக் கல்லூரி வாயிலில் நின்று, 'என்னை அறியாதவன் உள்ளே வராதே' என்று தடுக்கின்றது. ஆங்கிலச் சிறுவனுக்கும் அச்சொல் இருட்டே. அவனுக்குக் கால் என்றால் பூட். அச்சொல்லின் நிழல்கூட எக்சுபடைடில் இல்லை. தன் மொழியின் 'உயர்ந்த' பகுதியைத் தன் மொழியைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியாத நிலை அவனுக்கு நேர்ந்தது. 'கல்வி' என்பதில் 'கல்' என்பதையும் 'அறிவு' என்பதில் 'அறி' என்பதையும் ஐந்து அகவையிலேயே காணும் தமிழ்க் குழந்தைக்கு இந்நிலை இல்லை.

இதனை ஆங்கிலேயரே உணரவில்லையா எனின், உணர்ந்தனர்; போராடவும் செய்தனர். பதினாறாம் நூற்றாண்டில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராகவும் ஆறாம் எட்வர்டு மன்னனுக்கு ஆசிரியராகவும் விளங்கிய சான் சேக்கு என்பார், 1557-இல் தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில், ஆங்கிலத்தைப் பிறமொழிக் கலப்பின்றித் தூயதாக எழுதவேண்டும் என்று வலியுறுத்தினார். வாங்கிய கடனைத் திருப்பாமல் வாங்கிக்கொண்டே இருக்கும் மொழி நொடித்துப்போகும் என்று எச்சரித்தார். கிரேக்கமும் இலத்தீனும் அறியாத ஒருவர் இதைச் சொல்லியிருந்தால், 'எட்டாத பழம் புளிக்கும்' என்று எள்ளியிருப்பர். அவ்விரண்டிலும் கரைகண்டவரே இதைச் சொன்னார். வடமொழியும் ஆங்கிலமும் நன்கு கற்ற மறைமலையடிகளே 1916-இல் தனித்தமிழைத் தொடங்கினார் என்பதை இங்கு நினைத்தல் தகும். சேக்கிற்கு நான்காண்டு முன்பு, 1553-இல், தாமசு வில்சன் என்பவர் தம் சொற்கலை நூலில், இலத்தீன் சொற்களை அள்ளிக் கொட்டி எழுதும் பகட்டர்களை நகையாடினார். மைக்கூட்டுச் சொற்கள் என்று அவற்றுக்கு அக்காலத்தில் பட்டப்பெயர் வழங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் பார்ன்சு என்னும் தார்செட்டு நாட்டுப் பாவலர், தம் 1878-ஆம் ஆண்டு நூலில் இலக்கணக் கலைச்சொற்கள் எல்லாவற்றையும் தூய ஆங்கிலத்தில் ஆக்கிக் காட்டினார். வினைச்சொல்லுக்குக் 'காலச்சொல்' என்று பொருள்படும் பெயரை அவர் இட்டார். வினை என்பது காலத்தோடு தோன்றும் என்று தொல்காப்பியர் வினையியலின் முதலிலேயே கூறியிருத்தலை அவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, உண்மை ஒன்றே.

இம்முயற்சிகள் வெல்லவில்லை. வெல்லாததன் விளைவு 1604-இல் நூலுருவாகவே வந்தது. இராபர்ட் காட்ரி என்னும் ஆசிரியர் வெளியிட்ட அந்நூலே ஆங்கிலத்திற்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகரமுதலி. அதில் ஏறத்தாழ 2,500 சொற்கள். அம்மொழி மக்கள் நாள்தோறும் பேசும் சொற்கள் அதில் இல்லை. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு முதலியவற்றினின்று கடன்கொண்ட 'கடுஞ்சொற்கள்' மட்டுமே. பெண்டிர்க்கும் கல்லாத பிறர்க்கும் உதவுவதற்கென்று அதன் முகப்பே கூறிற்று. தாய்மொழியைப் புரிந்துகொள்ளவே பட்டியல் வேண்டிய நிலை! இன்றைய மாணவன் கையிலுள்ள பட்டியலுக்கு அதுவே கொள்ளுப்பாட்டன்.

அமெரிக்காவில் இப்பட்டியல் கல்லூரியின் கதவுக்குத் தாழாயிற்று. எசு.ஏ.டி. எனப்படும் நுழைவுத்தேர்வு முதன்முதலாக 1926 சூன் 23-இல் நடந்தது. ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் எழுதினர். அதனை வகுத்த குழுவிற்குத் தலைவர் கார்ல் பிரிகாம். இவர் 1923-இல், இனத்திற்கு இனம் அறிவில் ஏற்றத்தாழ்வு உண்டென்று நூல் எழுதியவர்; 1930-இல், தம் முடிவுகள் அடிப்படையற்றன என்று தாமே எழுத்தில் மறுத்துக்கொண்டவர். மறுப்பு ஏட்டில் நின்றது. தேர்வு நாட்டில் நின்றது. சொற்பொருளும் எதிர்ச்சொல்லும் ஒப்புமையும் அத்தேர்வில் தொடக்கமுதல் இருந்தன. எவன் அரிய சொல்லை அறிந்தானோ அவனே கூரியவன் என்று கொள்ளப்பட்டது. விளைவாகப் பயிற்சி நிலையங்களும் சொல்லட்டைகளும் பட்டியல் நூல்களும் பெருகின. 1949-இல் நார்மன் லூயிசு எழுதிய 'வேர்டு பவர் மேடு ஈசி' என்னும் நூல் இலத்தீன், கிரேக்க வேர்களைக் காட்டிச் சொற்களைக் கற்பிப்பது; இந்திய நகர்களின் நடைபாதைக் கடைகளிலும் இன்றுவரை விலைபோகின்றது. நூலில் பிழையில்லை. வேர் அறிந்து கற்பது நன்முறையே. ஆங்கிலம் கற்க ஆங்கில வேரன்றிப் பிறமொழி வேர் வேண்டியிருப்பதுதான் எண்ணிப் பார்க்கத்தக்கது.

2001-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த இரிச்சர்டு அட்கின்சன், பன்னிரண்டு அகவைச் சிறுவர்கள் இத்தேர்வின் ஒப்புமை வினாக்களுக்காகப் பள்ளியில் மணிக்கணக்கில் பயிற்றப்படுவதைக் கண்டு மனம் வருந்தி, இத்தேர்வைத் தம் பல்கலைக்கழகம் கைவிடவேண்டும் என்று கூறினார். படிக்கவேண்டிய அகவையில் படிப்பதை விட்டுச் சொல் பொறுக்குகின்றனரே என்பது அவர் கவலை. எதிர்ச்சொல் வினாக்கள் 1994-இலேயே நீக்கப்பட்டிருந்தன. ஒப்புமை வினாக்கள் 2005-இல் நீங்கின. 2016-இல், எங்கும் வழங்காத அருஞ்சொற்களைக் கேட்பதில்லை என்று தேர்வு நடத்துவோரே முடிவு செய்து, ஒரு சொல் அது நிற்கும் இடத்தில் என்ன பொருள் தருகின்றது என்பதை மட்டும் கேட்கும் முறைக்கு மாறினர். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2020-இல் இத்தேர்வையே கைவிட முடிவு செய்தது. தொண்ணூறு ஆண்டுகள் அறிவின் அளவுகோல் என்று கொண்டாடப்பட்டது, அளவுகோல் அன்று என்று வகுத்தவர் வழியினரே ஒப்பிய கதை இது. இடையில் அக்கோலால் அளக்கப்பட்டு 'குட்டை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு யார் விடை சொல்வது?

இங்கே ஒரு வியப்பான செய்தியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அத்தேர்வை நடத்திய நிறுவனத்திலேயே நெடுங்காலம் பணியாற்றிய உரோய் பிரீடில் என்னும் ஆய்வாளர் 2003-இல் ஒன்று கண்டு வெளியிட்டார். மொத்த மதிப்பெண் ஒத்த வெள்ளையின மாணவரையும் கறுப்பின மாணவரையும் ஒப்பிட்டால், கறுப்பின மாணவர் கடுஞ்சொல் வினாக்களில் சற்று மேம்பட்டும் எளிய சொல் வினாக்களில் சற்றுப் பின்தங்கியும் இருந்தனர். தேர்வு நடத்தியோர் இதனை மறுத்தனர். எனினும் 2010-இல் வெளிவந்த வேறோர் ஆய்வும் கறுப்பின மாணவரைப் பொறுத்தவரை அவ்வழியே சென்றது. இது யாங்ஙனம் நிகழும்? கடுஞ்சொல் எவன் வீட்டிலும் பேசப்படுவதில்லை. நூலில் மட்டும் உள்ளது. உழைக்கும் எவனும் அதைக் கற்றுவிடலாம். எளிய சொல்லோ வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு பொருளில் வேறுபடும். தேர்வு கேட்பது வெள்ளையர் வீட்டுப் பொருளை.

இதனால் பெறப்படுவது என்ன? 'உயர்நிலை' வினைச்சொல்தான் மெய்யாகவே எளிது. பொருள் ஒன்றோ இரண்டோ, பட்டியலில் அடங்கும். அருமையானது அடுப்பங்கரைச் சொல். ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் செட் என்னும் ஓரசை வினைக்கு மட்டும் ஏறத்தாழ 430 பொருள்கள் கூறப்பட்டுள்ளன. புட் என்னும் மற்றோர் ஓரசைச் சொல்லோடு சிறுசொற்கள் ஒட்டும்போது நிகழ்வதைப் பாருங்கள்: புட் ஆப் என்றால் தள்ளிவைத்தல், புட் அவுட் என்றால் அணைத்தல், புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள்ளல். டாலரேட் என்பதை ஒருநாளில் கற்றுவிடும் மாணவன் புட் அப் வித் என்பதில் இடறி விழுகின்றான். தமிழிலும் இத்தகைய செல்வம் உண்டு. பசி எடுக்கின்றது, பெயர் எடுக்கின்றான், ஓட்டம் எடுக்கின்றான், படை எடுக்கின்றான், தத்து எடுக்கின்றான். வெயில் அடிக்கின்றது, மணி அடிக்கின்றது, சுவருக்கு வெள்ளை அடிக்கின்றனர். எந்தப் பட்டியல் இதைக் கற்பிக்கும்? தாயின் வாயன்றி வேறு பள்ளி இதற்கு இல்லை. ஆயினும், இந்த அருஞ்செல்வத்தைத் 'தாழ்ந்த சொல்' என்று ஒதுக்கி, கடன்சொல்லை 'உயர்ந்த சொல்' என்று தலையில் வைக்கப் பள்ளி கற்பிக்கின்றது. ஆங்கிலமே பேசும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்கூட இவ்விடத்தில் தடுக்கி விழுவதை டேவிட் கோர்சன் என்னும் கல்வியறிஞர் 1985-இல் ஒரு நூலாகவே எழுதினார். கிரேக்க, இலத்தீன் சொற்கள் உயர்கல்விக்கு முன் ஒரு சொல்வேலியாக நிற்கின்றன என்பது அவர் கருத்து.

ஆயின், தமிழ் மாணவன் இவ்வினைகளைக் கற்க வேண்டாவா? கற்கத்தான் வேண்டும். தேர்வு எழுதும் பிள்ளையைக் கொள்கையின் பெயரால் தோற்க விடுவது மொழிப்பற்று ஆகாது. கற்கும் முறைதான் திருந்தவேண்டும். தமிழ்ப்பொருளைச் சொல்லக்கூடாது, ஆங்கிலத்திற்கு ஆங்கிலமே பொருளாக வேண்டும் என்று சில பயிற்சி நிலையங்கள் தடை போடுகின்றன. மிட்டிகேட் என்றால் அல்லேவியேட், அல்லேவியேட் என்றால் அசுவேசு, அசுவேசு என்றால் மிட்டிகேட். மாணவன் செக்குமாடாகச் சுற்றி வந்து நின்ற இடத்திலேயே நிற்கின்றான். தணித்தல் என்று ஒரு சொல் சொன்னால் இம்மூன்றும் ஒருங்கே விளங்கிவிடும். பிறகு கற்கவேண்டியது எது எதனைத் தணிக்கும் என்பது ஒன்றே. பிளகேட் என்பது சினங்கொண்ட ஆளைத் தணித்தல். அல்லேவியேட் நோவையும் துன்பத்தையும் தணித்தல். அதன் இலத்தீன் வேர் எடைக்குறைவைக் குறிப்பது, சுமை இறக்கல் போல. மிட்டிகேட் ஒரு கேட்டின் கடுமையைத் தணித்தல். அதன் வேர்ப்பொருள் மென்மையாக்கல். அசுவேசு பசியையும் அச்சத்தையும் குற்றவுணர்வையும் தணித்தல். அபேட் பெரும்பாலும் தானே தணிதல்; புயல் தணிந்தது என்பதுபோல. தணிந்தது, தணித்தான் எனத் தன்வினையையும் பிறவினையையும் ஓரெழுத்து மாற்றத்தால் காட்டும் மொழியைப் பேசும் பிள்ளைக்கு, இவ்வேறுபாட்டைப் பற்றுவது எளிது. திருந்து, திருத்து, அடங்கு, அடக்கு, உருகு, உருக்கு என்று அவன் நாவில் ஏற்கெனவே ஓர் ஒழுங்கு உள்ளது. ஆங்கிலத்தில் அவ்வொழுங்கின் எச்சம் ரைசு, ரெய்சு, லை, லே, சிட், செட் எனச் சிலவற்றில்தான் எஞ்சியுள்ளது. லை, லே இரண்டையும் ஆங்கிலேயரே குழப்பிக்கொள்வர்.

ஆங்கிலத்தைக் கற்பதனால் வருவதன்று கேடு. ஆங்கிலேயன் தன் மொழிக்கு நேர்ந்த அடுக்கை மாற்ற முடியாமல் சுமக்கின்றான். தமிழன் அதே அடுக்கைத் தன் மொழியிலும் விலைகொடுத்து வாங்கிக் கட்டியிருந்தான். தொடங்கு என்பது தாழ்வு, ஆரம்பி என்பது உயர்வு. கேள் என்பது தாழ்வு, விசாரி என்பது உயர்வு. தேர்வு என்பதைப் பரீட்சை என்றால்தான் படித்தவன். மணிப்பவழ நடையென்று அதற்கு அணிகலப் பெயர் வேறு. அதனை இடித்துத் தள்ளப் பட்ட பாடு கொஞ்சமன்று. இன்று அதே மாடியில் ஆங்கில வினை குடியேறுகின்றது. 'திட்டத்தை இம்ப்ளிமெண்ட் பண்ணுகிறோம்', 'வேலையை டெர்மினேட் பண்ணினார்கள்' என்று, பண்ணு என்னும் தமிழ்வினையை அடிமையாக்கி அதன் முதுகில் இலத்தீனை ஏற்றுகின்றனர்.

1362-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. நாட்டு மக்களுக்குப் பிரெஞ்சு விளங்காமையால் வழக்குகள் ஆங்கிலத்தில் உரைக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். வேடிக்கை என்னெனில் அச்சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. ஆங்கிலச் சட்டமொழியில் அப்பழைய அடிமைத்தழும்பு இன்னும் மாறவில்லை. ஒருவர் தம் உடைமையை எழுதி வைக்கும் இறுதிமுறியில் கிவ், டிவைசு, பெக்குவீத் என்று மூன்று வினைகள் அடுக்கப்படும். முதலும் மூன்றும் ஆங்கிலம், இடையிலுள்ளது பிரெஞ்சு, மூன்றுக்கும் ஏறத்தாழப் பொருள் ஒன்றே, 'கொடுக்கிறேன்' என்பது. தோற்றவனுக்கும் வென்றவனுக்கும் சேர்த்து எழுதிய பழக்கம் நிலைத்துவிட்டது.

அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்பு தமிழ்நாட்டின் நிலை என்ன? தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் என்னும் பொது நுழைவுத்தேர்வு 2008-இல் தொடங்கியது முதல் ஆங்கிலத்திலேயே நடத்தப்பெற்று வருகின்றது. திருச்சிராப்பள்ளியிலுள்ள பல்கலைக்கழகத்திற்கும் அதுவே வாயில். தனிச்சொற்களுக்குப் பொருள் கேட்கும் முறை 2020-இல் மாறி, பத்தியைப் படித்து விடைகூறும் முறை வந்தது, மொழி மாறவில்லை. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, சட்டம் கற்று, தன் ஊர் உழவனுக்காக வாதாட வேண்டும் என்று எண்ணும் பிள்ளை, முதலில் அந்த உழவனுக்குப் புரியாத வினைகளில் தன்னை மெய்ப்பிக்க வேண்டும். உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டுமென்று 2006 திசம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிற்று. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநில உயர்நீதிமன்றங்களில் 1950-க்கும் 1972-க்கும் இடையில் இந்திக்கு அவ்வுரிமை வழங்கப்பட்டது. தமிழுக்கோ, 2012-இல் உச்சநீதிமன்றம் இசையவில்லை என்பது விடையாயிற்று.

ஆகவே இன்றும் சென்னையிலும் மதுரையிலும் உயர்நீதிமன்றத்தின் பின்வரிசையில், கையில் துணிப்பையோடு ஒரு முதியவர் நிற்கின்றார். வழக்கு அவருடைய நிலத்தைப் பற்றியது. இருபுறத்து வழக்கறிஞரும் தமிழர். நடுவரும் தமிழராக இருக்கலாம். இறுதியில் ஒற்றை வினைச்சொல் ஒலிக்கின்றது. அலவுடு என்றால் நிலம் அவருக்கு. டிசுமிசுடு என்றால் இல்லை. இரண்டில் எது சொல்லப்பட்டது என்பதைத் தம் வழக்கறிஞரின் முகத்தைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்கின்றார்.